கடைசிப் பந்தி

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு பாண்டிய மன்னனுக்குச் சந்தேகம் வந்ததும், அதன் பொருட்டுச் சோமசுந்தரக் கடவுளே பாட்டெழுதிக் கொடுக்க நேர்ந்ததும், அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு போன தருமி பட்ட பாடும் நேயர்கள் அறிந்த கதை. நக்கீரரைப் போன்ற புலவர்கள் கூடி வாதிடும்படி அவ்வளவு பெரிய விஷயமாயிருந்தது அந்த நாளில் கூந்தல். இந்த நாளில் வீடுகளில் எழும் சந்தேகம் வேறு. மணம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. உள்ள முடியாவது நிலைக்குமா என்றே கேட்கிறார்கள். பொற்கிழி அறிவிக்க மன்னர் இல்லாதபடியால், நம்முடைய கிழியை நாமே அவிழ்த்து எண்ணெய் விற்பவர்களிடமும் மாத்திரை விற்பவர்களிடமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டைக்குப் போயிருந்தோம். சென்ட்ரலில் திருவள்ளூர் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆவடி என்றால் வயதானவர்களுக்கு 1955-ஆம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபை ஞாபகம் வரும். இளைஞர்களுக்கு டாங்கித் தொழிற்சாலை. முத்தாபுதுப்பேட்டையோ விமானப் படை நிலையத்துக்கு அருகிலுள்ள ஊர். அங்கே நம் சித்தியின் மகன், அதாவது தம்பி முறையானவன், வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறான். சித்தியும் அவனோடுதான்.

போய் உட்கார்ந்தோம். காப்பி வருவதற்கு முன்னால் ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. சுண்டலாக்கும் என்று ஆவலுடன் பிரித்தோம். உள்ளே ஒரு கற்றை தலைமயிர்! கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் தம்பி மகளின் தலையிலிருந்து ஒரு வாரத்தில் கொட்டியதை அவளுடைய தாயார் சீப்பிலிருந்தும் தலையணையிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள்.

"பெரியப்பா, பத்திரிகையிலே என்னென்னவோ எழுதறீங்களே, இதுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்றாள் பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண்களில் நீர் தளும்பி நின்றது. இருபது வயதில் தலைவகிடு அகன்றுகொண்டே போவதைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பதென்றால், அந்தத் துயரத்தை அற்பமென்று தள்ளுவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து, நான்கு அறிக்கைகள் தயாராயிருந்தன. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விட்டதால் வந்த வினை என்பது சித்தியின் தீர்ப்பு. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றான் தம்பி. நடுநிசி வரையில் கைபேசியைப் பார்ப்பதே காரணம் என்றாள் அவன் மனைவி. பெண்ணோ "பயோடின்" என்ற ஜீவசத்துக் குறைவென்று எங்கோ படித்துவிட்டு, மிட்டாய் வடிவிலே செய்த மாத்திரை ஒரு சீசா எண்ணூறு ரூபாய்க்கு வரவழைத்து இரண்டு மாதமாய்த் தின்றுகொண்டிருந்தாள்.

சித்தியின் கட்சியில் கொஞ்சம் நியாயம் உண்டு. தேங்காயெண்ணெய் மயிரிழைக்குள் ஊடுருவி, கழுவும்போது அதிலுள்ள புரதம் கரைந்து போகாமல் காக்கிறதென்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இழை முறியாமலிருக்க அது உதவும். ஆனால் முடி வளர்வது தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள வேரில். அந்த வேர் சாப்பிடுவது இரத்தத்திலிருந்து வரும் ஆகாரத்தை. மேலே தடவும் எண்ணெய் அதற்குச் சோறாகாது. தம்பி குற்றம் சாட்டிய உப்புத் தண்ணீரும் அப்படியே: சோப்பை நுரைக்க விடாது, இழையைச் சொரசொரப்பாக்கும், முறிக்கவும் கூடும், வேரோடு பிடுங்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உதிர்ந்த முடியின் நுனியில் சிறு வெண்முத்துப் போன்ற குமிழ் இருந்தால், அது வேரிலிருந்து கழன்றது. இல்லாவிட்டால் நடுவில் முறிந்தது. பொட்டலத்தைச் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தோம். நீள நீளமான இழைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் குமிழ் இருந்தது. ஆழ்குழாய்க் கிணறு விடுதலையாயிற்று.

"சமீபத்தில் ஜுரம் ஏதாவது வந்ததா?" என்று கேட்டோம். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகை மழையில் டெங்கு ஜுரம் வந்து பத்து நாள் படுத்திருந்தாளாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது போல் பார்த்தார்கள்.

சம்பந்தம் உண்டு. மனிதர் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும்; மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரும். இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளர்ந்த ஒரு முடி, இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, பிறகு சுமார் மூன்று மாதம் சும்மா ஓய்ந்திருந்து உதிர்கிறது. இந்தக் கணக்கில் தினம் 50 முதல் 100 முடி வரை உதிர்வது யாருக்கும் சகஜந்தான். கடும் ஜுரம், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைத்தல், இவற்றில் எது நேர்ந்தாலும் சரீரம் ஏராளமான முடிகளை ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. அவை உடனே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங் கழித்துக் கொத்துக் கொத்தாய் உதிர்கின்றன. அதற்குள் ஜுரத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பழி அந்த வாரம் வாங்கிய ஷாம்புவின் மேல் விழும். 2020-க்குப் பிறகு கோவிட் கண்டு தேறியவர்களில் பலர் இப்படிப் பயந்துபோய் டாக்டர்களிடம் ஓடினார்கள். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே நின்று, முடி மறுபடி முளைக்கும். முளைக்கும் சமயத்தில் எந்த எண்ணெய் வீட்டிலிருக்கிறதோ அதற்குக் கீர்த்தி! விளம்பரங்களில் வரும் நற்சாட்சிப் பத்திரங்களில் பாதி இப்படிப் பிறந்தவையென்று நாம் சந்தேகிக்கிறோம்.

ஜுரத்தை நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துக் கிளம்பியிருக்கலாம். ஆனால் பெண்ணின் உள்ளிமை வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்றும் சொன்னாள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறதென்று ஒரு டம்ளர் டீயோடு ஓடுகிறவள். மத்தியானம் டப்பாவில் எலுமிச்சஞ் சாதமும் உருளைக்கிழங்கும். பருப்பும் கீரையும் ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம்.

நம் உடம்பில் மிக வேகமாய்ப் பெருகும் அணுக்களில் முடிவேரின் அணுக்களும் சேர்ந்தவை. முடி என்பதே கெரட்டின் என்ற ஒருவகைப் புரதம். அதைச் செய்யப் புரதம் வேண்டும். வேர் பெருக இரும்பும் துத்தநாகமும் பி வகுப்பு ஜீவசத்துக்களும் வேண்டும். ஆனால் ஆகாரம் குறையும்போது சரீரம் பந்தி பிரித்துத்தான் பரிமாறுகிறது. இருதயம், மூளை, இரத்தம் எல்லாம் முதற் பந்தி. முடிக்குக் கடைசிப் பந்திதான். கூட்டும் பாயசமும் தீர்ந்த பிறகு உட்காருகிறவர்களைப் போல, மிச்சமிருந்தால் உண்டு. ஆகையால் உள்ளே குறையுள்ளதை ஊருக்கு அறிவிப்பதில் சில சமயம் தலைமயிரே முந்திக்கொள்கிறது.

இந்த உண்மை மிகக் கொடிய உருவில் தெரிந்தது குழந்தைகளிடத்தில். நம் குன்னூருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1918-இல் மக்காரிஸன் என்ற டாக்டர் அங்கே பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயச் சிறிய அளவில் ஒரு பிரிவைத் தொடங்கினார். பல மாகாணத்தார் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்ததில், சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்றிருக்க, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை உணவை உண்டவை நோஞ்சானாய்ப் போயின. நம்மவர்க்குப் பெருமை தரும் செய்தி அல்ல. ஆயினும் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது.

அந்த 1918-ஆம் வருஷத்திலேயே சேலத்தில் பிறந்தவர் டாக்டர் சி. கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூரில் ஆராய்ச்சி செய்து, பின்னர் ஹைதராபாத் நிலையத்தின் தலைவரானார். நூறு வயதைக் கடந்து 2019-இல் காலமானார். ஏழைக் குழந்தைகளின் போஷணைக் குறைவைப் பற்றி அவர் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று குவாஷியார்க்கர். ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1935-இல் உலகுக்கு அறிவித்த பெயர் அது. அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்நாட்டார் மொழியில் அதன் பொருள். நம் பாட்டிமார்களிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: சவலை!

அந்தச் சவலைப் பிள்ளைகளின் கால் வீங்கும், முகம் உப்பும், தலைமயிர் கருமை இழந்து செம்பட்டையாகி, மெலிந்து, இழுத்தால் வலியில்லாமல் கையோடு வந்துவிடும். அறுவடைக் காலத்தில் கொஞ்சம் நல்ல சோறு கிடைத்து, பிறகு மறுபடியும் பஞ்சம் வந்தால், ஒரே இழையில் கறுப்பும் செம்பட்டையும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். வைத்திய நூல்களில் இதற்குக் கொடி அடையாளம் என்று பெயர். ஒரு குழந்தை எந்த மாதத்தில் வயிறார உண்டது, எந்த மாதத்தில் பட்டினி கிடந்தது என்ற வரலாறு அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. இந்நோய்க்குப் புரதக் குறைவு ஒன்றையே காரணமாக மேல்நாட்டார் கருதியபோது, இந்தியக் குழந்தைகளுக்கு வயிறு நிறையச் சோறு கிடைக்காமையே முதற்குறை என்று எடுத்துச் சொன்னவர் கோபாலன். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், பின்னால் அதில் சேர்ந்த முட்டையும் எத்தனை தலைகளைக் கறுக்க வைத்தன என்பதற்கு யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பெரும்பசி நம் நடுத்தரக் குடும்பங்களில் இல்லை. இரும்புப் பசி இருக்கிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இது குடிசைகளில் மட்டும் இருக்கிறதென்று எண்ண வேண்டாம்.

ஹைதராபாத் நிறுவனம் 2020-இல் வகுத்தபடி ஒரு பெண்ணுக்குத் தினம் 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 போதும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் கூட இல்லை. அதே எடைக் கம்பில் ஆறுக்கு மேல், கேழ்வரகில் நாலரை, கொள்ளில் எட்டுக்கு மேல். முருங்கைக்கீரையிலும் நாலரைதான், இதைக் கேட்டுப் பலர் நம்மைக் கோபிப்பார்கள். நல்ல கீரைதான், ஆனால் அடையில் ஒரு பிடி தூவிவிட்டு இரும்பு ஆயிற்று என்று இருந்துவிடக் கூடாது. தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியே உடம்பில் சேருகிறது. கூடவே நெல்லிக்காய், கொய்யாப்பழம், எலுமிச்சஞ் சாறு இருந்தால் அவற்றிலுள்ள சி ஜீவசத்து அதிகம் சேர வைக்கும். சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடித்தால் சேருவதும் குறையும். மீனிலும் ஆட்டு ஈரலிலும் உள்ள இரும்பு எளிதில் சேரும். நாம் மரக்கறி உணவுக்காரரேயாயினும் இந்த உண்மையை மறைப்பதற்கில்லை. பி-12 என்ற சத்தும் மாமிசம், முட்டை, பால் முதலியவற்றில்தான் உண்டு; ஆகவே மரக்கறிக்காரர்கள் பாலையும் தயிரையும் தள்ளக் கூடாது. ரேஷன் அரிசியில் இரும்பும் போலிக் அமிலமும் பி-12-உம் சேர்த்துச் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்து தந்திருக்கிறார்கள். அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் புடைத்து எடுத்துக் குப்பையில் போடும் வீடுகள் எத்தனையோ! சித்தியே அந்தத் திருப்பணியைச் செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடங்களில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையும் அநேகமாய் ஜன்னல் வழியே போகிறதென்று ஆசிரியைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். இரும்புக் குறைவுக்கும் முடி உதிர்வுக்கும் எவ்வளவு சம்பந்தம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. இரும்பு குறைந்தவர்கள் எல்லோருக்கும் முடி கொட்டுவதில்லை. பரம்பரையாய் வரும் வழுக்கைக்கும், வட்ட வட்டமாய் விழும் புழுவெட்டுக்கும் எந்த ஜீவசத்தும் மருந்தாகாது. தைராய்டுக் கோளாறு தனி. ஆனால் இரத்தசோகை இருக்கிறதென்று தெரிந்தால், முடிக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக அதைத் தீர்த்தே ஆக வேண்டும்.

இனி அந்த எண்ணூறு ரூபாய்ச் சீசா. பயோடின் தினம் 30, 40 மைக்ரோகிராம் இருந்தால் போதும். முட்டை, நிலக்கடலை முதலிய சாதாரண உணவிலேயே கிடைத்துவிடும். அது குறைவுபடுவது மிக அபூர்வம். அந்தச் சீசாவின் மேலோ ஒரு மிட்டாயில் 5,000 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருந்தது! மிஞ்சினது சிறுநீரில் போய்விடும், கெடுதல் என்ன என்று கேட்கலாம். அதிகப் பயோடின் இரத்தப் பரிசோதனைகள் சிலவற்றைப் பொய் சொல்ல வைக்கிறது. தைராய்டுக் கணக்கு தப்பாய் வரும்; மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் கணக்கு குறைவாய் வந்து ஏமாற்றும். இப்படி ஏமாந்து ஒரு நோயாளி இறந்த செய்தியையும் சேர்த்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2017-இல் எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே இரத்தம் கொடுக்கப் போகுமுன் இந்த மிட்டாய் தின்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சில சத்துக்களோ மிஞ்சினால் முடியையே பறித்துவிடும். ஏ ஜீவசத்து அப்படிப்பட்டது. செலினியம் என்ற தாது இன்னும் பொல்லாதது: தினம் 40 மைக்ரோகிராம் வேண்டும்; மிகுந்தால் தலை மொட்டையாகும், நகமும் விழும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்துப் பானத்தில் குறிப்பிட்டதைப் போல் 200 மடங்கு செலினியம் தவறுதலாய்க் கலந்துவிட, 10 மாகாணங்களில் 201 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் முடி இழந்தார்கள். நம் நாட்டிலேயே 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிரத்தில் புல்டாணா ஜில்லாக் கிராமங்களில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாய் 250-க்கு மேற்பட்டவர்களுக்குச் சில நாட்களிலேயே தலைமயிர் கொத்தோடு உதிர்ந்தது. முதலில் எல்லோரும் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள், நம் தம்பியைப் போல. பிறகு இரத்தத்திலும் மயிரிலும் செலினியம் மிகுந்திருக்கக் கண்டார்கள். வெளி மாகாணத்திலிருந்து வந்த ரேஷன் கோதுமையே காரணம் என்று, தேள்கடி வைத்தியத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் தாம் செய்த பரிசோதனையைக் கொண்டு கூறினார். நல்லது என்று பெயர் கேட்டதையெல்லாம் அளவில்லாமல் விழுங்குகிறவர்கள் அந்தக் கிராமத்தாரை நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் பாவம், தெரிந்து விழுங்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி, மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தம் பார்க்கும்படி பெண்ணிடம் சொன்னோம். புறப்படும் சமயம். தம்பி மனைவி தலையை முடிந்துகொள்ளச் சுவரருகே போனாள். அங்கே ஆணியில் ஒரு சவுரி தொங்கியது. அதை எடுத்துத் தன்னுடைய சுண்டுவிரல் கனமான பின்னலோடு வைத்து முடிந்துகொண்டாள். நமக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷமாய்ச் சவுரி வைத்துத்தான் கொண்டை போடுகிறாளாம். அவள் தலையிலிருந்து கொட்டியதை யாரும் பொட்டலம் கட்டி வைக்கவில்லை.

"நீயும் கூடப் போய்ப் பார்த்துக்கொள், அம்மா" என்றோம்.

"எனக்கென்னத்துக்கு? வயசாச்சு" என்று சிரித்தாள். நாற்பத்து நாலு வயது! மாமியாருக்கும் புருஷனுக்கும் பெண்ணுக்கும் பரிமாறிவிட்டு, குழம்பில் அடியில் கிடப்பதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பாள் என்று பெண் சொன்னாள். தம்பி ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நம்முடன் தெருமுனை வரையில் வந்தான்.

பங்குனியில் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். அவளுக்கு 10.1. தாயாருக்கு 8.4. இருவருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்து, மாதவிடாய் மிகுதியா, குடலில் புழுவா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எலுமிச்சஞ் சாற்றோடு மாத்திரையை விழுங்குகிறார்களாம்; ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கிடையாது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கஷ்டமாம். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நாலு நாள் நிறுத்திவிட்டாளாம். அது இரும்பின் குணம், பயமில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகு மறுபடி தொடங்கியிருக்கிறாள். காலையில் கேழ்வரகுக் கூழ் நடக்கிறது. பெண்ணுக்கு உதிர்வது குறைந்து, நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்திருக்கின்றனவாம். இராத்திரியில் அப்பா எல்லோரையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார். பாட்டி மட்டும் அது முறையல்ல என்று முணுமுணுக்கிறாள் என்றும் எழுதியிருந்தாள்.

சவுரி இன்னும் ஆணியில்தான் இருக்கிறதாம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர வேண்டியதாயிற்றே. தீபாவளிக்கு முன் அதைப் பற்றிக் கேட்பதற்கில்லை.